புரட்டும் கை

சமையலறைக்குள் கால் வைத்ததுமே, புதிதாகப் பூசிய சிமெண்டுத் தரையின் நடுவில் மறுபடியும் அந்தக் குழி பிராகோவின் பாதத்தில் தட்டுப்பட்டது. உரல் வாய் அளவு. கொத்தனார் அட்டா இரண்டு முறை நிரப்பி மட்டம் பார்த்த இடம். இன்று வந்து பார்த்தவன், கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. மண்ணு அமுங்கினா விரிசல் விடும். இது யாரோ கையால வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு. வேற ஆளைப் பாத்துக்கங்க."

குனிந்தே நுழைய வேண்டிய அந்தப் புகையடைந்த அடுப்படியை இடித்துப் பெரிதாக்க, கணவன் ஒப்போங்கிடம் அவள் கெஞ்சாத நாள் இல்லை. கடைசியில் அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். தெருப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளலாம், முற்றத்தில் இருக்கும் பழைய உரலை மட்டும் அசைக்கக் கூடாது. அது அவனுடைய மூத்த தாரம் செர்வாவின் உரல். செர்வா ஒரு துணி வியாபாரியோடு எல்லை தாண்டி அபிஜான் நகரத்துக்கு ஓடிப்போனது குமாசியில் அந்தத் தெருவே அறிந்த கதை. ஓடிப்போனவளின் உரலுக்கு இத்தனை மரியாதையா என்று பிராகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கொக்கோ வாங்க வெளியூர் போனதும் உரலைப் பெயர்த்துப் போட்டு, அது இருந்த இடமும் உள்ளே வரும்படி முற்றத்துப் பக்கமே சுவரை நீட்டிவிட்டாள்; இப்போது குழி விழுவது அதே இடத்தில்தான். இன்று அவன் திரும்புகிறான். திட்டினால் திட்டட்டும். உரலில் தலையை விட்டாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன?

மத்தியானம் மழை பிடித்தது. மின்சாரமும் போனது. ஈரச் சிமெண்டு வாசனைக்குள் எங்கிருந்தோ வெந்த மரவள்ளியின் வாசனை கலந்து வர, தகரக் கூரையின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் மெல்லப் பிரிந்து கேட்டது.

சளப்.

அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அது தெரியும். வெந்த மரவள்ளியை ஃபுஃபு உருண்டைக்கு மாவாக இடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நின்று உலக்கை போட, உட்கார்ந்திருப்பவர் ஈரக் கையால் மாவைப் புரட்டிக் கையை இழுத்துக்கொள்வார். தொம், சளப். தொம், சளப். இங்கே தொம் இல்லை. சளப் மட்டும், குழியிலிருந்து. பிறகு உலக்கைக்காகக் காத்திருக்கும் இடைவெளி. பிராகோவின் தோள்கள் அவளை அறியாமல் உயர்ந்தன.

ஒப்போங் நனைந்து வந்தான். முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த உரலைப் பார்த்தான். குழியைப் பார்த்தான். திட்டவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு மூலையில் சாய்த்திருந்த உலக்கையை எடுத்தான்.

"அட்டா ஆழமாத் தோண்டினானா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"செர்வா அபிஜானுக்குப் போகல."

"அவளும் உன்ன மாதிரிதான்," என்றான் ஒப்போங். "ஒரு சொல்லு சொன்னா கேக்க மாட்டா."

உலக்கை வந்தது. விலகினாள். காது கிழிந்தது. பின்னாலிருந்த புது மேடை பிளந்தது. மறுபடி ஓங்கினான்.

சளப்.

கணுக்கால் இழுபட்டது போல் அவன் விழுந்தான். தலை குழிக்குள். எழப் பார்த்தான். முடியவில்லை. உலக்கை அவள் காலடிக்கு உருண்டு வந்தது.

தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரம். திறந்து ஓடியிருக்கலாம். அவள் குனிந்து உலக்கையை எடுத்தாள்.

தொம். சளப்.

தொம். சளப்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்டை வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "புது அடுப்படியில ஃபுஃபுவா பிராகோ? எனக்கும் ஒரு உருண்டை எடுத்து வை."

"சரிக்கா," என்றாள்.

நிறுத்த வேண்டும் என்று நினைத்தாள். கீழே பார்த்தாள். தன் இரண்டு கைகளும் உலக்கையில்தான் இருந்தன. குழிக்குள்ளிருந்து சிமெண்டு அப்பிய ஐந்து விரல்கள் மேலே வந்தன. ஒப்போங்கின் முகமாக இருந்ததைப் பக்குவமாகப் புரட்டின. ஓரத்தை உள்ளே மடித்துவிட்டன. பிறகு ஒதுங்கிக்கொண்டு, அடுத்த இடிக்குக் காத்திருந்தன.