ஈரத் திரைக்கு அப்பால்

திரைக் கிழிசலில் நீண்ட கை சில்லென்று இருந்தது. அதுதான் எர்வேக்கு முதலில் உறுத்தியது. நண்பகலிலிருந்து ஓடி ஓடி வெடிமருந்துப் பை சுமக்கிற கை, கொதிக்க அல்லவா வேண்டும்?

'செலெஸ்த்' என்ற அந்தப் பிரெஞ்சுப் போர்க்கப்பலின் அடிவயிற்றில், கடல்மட்டத்துக்கும் கீழே, வெடிமருந்து அறைக்குள் அவன் தனியாக இருந்தான். சண்டை முடியும்வரை கதவுக்கு வெளியே பூட்டு. கதவில் வெட்டிய துவாரத்தை மூடி, தீப்பொறி புகாதபடி நனைத்த கம்பளித் திரை. அதன் கிழிசல் வழியே அவன் பையை நீட்டினால், தங்கை புருஷன் லொயிக் வாங்கி மேலே பீரங்கிகளுக்கு அனுப்புவான். கிபெரோன் குடாவுக்குள் புயலோடு புயலாக ஆங்கிலேயர்கள் துரத்திவந்த அந்தப் பிற்பகல் முழுக்க லொயிக்கின் வாய் ஓயவில்லை. "உனக்கென்ன மச்சான், குண்டு படாம உள்ளே உட்கார்ந்திருக்கே. ஓடிச் சாகிறது நாங்கதானே."

பிறகு கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மேலே தண்ணீர் இரைந்து பாயும் ஓசை, நூறு தொண்டைகளின் அலறல், கட்டுக்கயிறு அறுந்து உருண்ட பீரங்கிகள். எர்வே கதவை அடித்து அடித்து முழங்கையைக் கிழித்துக்கொண்டான். மெல்லக் கப்பல் நிமிர்ந்தது. எங்கோ மெத்தென்று உட்கார்ந்தது போல ஓர் அதிர்வு. அப்புறம் சத்தமே இல்லை.

அசைவும் இல்லை.

புயலில் கப்பல் ஆடாமல் நிற்குமா?

அப்போதுதான் அந்தக் கை வந்தது. பழக்கத்தில் பையைக் கொடுத்துவிட்டான்.

"மாப்ளே, மேலே என்ன ஆச்சு? கதவைத் திற."

சேற்று வாடை. கடற்பாசி வாடை. திரை உள்பக்கமாகப் புடைத்திருந்தது, பெரிய பாரம் ஒன்று சாய்ந்து நிற்பதுபோல. கை திரும்ப வந்தது. விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. நகக்கண்ணில் மணல்.

எர்வே பின்வாங்கினான். முதுகில் சுவர். இனி நகர இடமில்லை.

"குடு மச்சான்." லொயிக்கின் குரல்தான். நிதானமாக, மூச்சே வாங்காமல். "இங்கிலீஷ்காரனுங்க இன்னும் நமக்கு மேலேதான் மிதக்கிறானுங்க."

கொடுக்கவில்லை. கை காத்திருந்தது. திரை இன்னும் புடைத்தது. ஓர் இழை அறுந்தது. இன்னொன்று.

கொடுத்தான்.

தலைக்கு மேல், தண்ணீருக்குள், ஒரு பீரங்கி மந்தமாக வெடித்தது.

கிழிசலில் இப்போது ஐந்தாறு கைகள். அவற்றின் பின்னால், நெருக்கியடித்து, இன்னும். எல்லாம் உள்ளங்கை விரித்தபடி.