பின்பக்க விளக்கு

ஜெக்கரியா அந்த வயலுக்கு வந்து சேர்ந்தபோது மாலை நாலரை மணி இருக்கும். மொபெட்டை மோட்டார் கொட்டகை ஓரமாக நிறுத்தினார். உடனே பையைத் திறக்கத் தோன்றவில்லை. வரப்பிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அது நாலாவது டிராக்டர்.

தொண்ணூறுகளில், ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்த ஒரு வருஷம். வாய்க்கால் நனைந்ததும் கடைமடை முழுவதும் ராப்பகலாகச் சேற்றுழவு நடந்தது. எல்லா டிராக்டருக்கும் ஒரே வாரத்தில் கூடுதல் விளக்கு வேண்டியிருந்தது. இந்த வட்டாரத்தில் வயரிங் தெரிந்தவர் ஜெக்கரியா ஒருத்தர்தான். வயது நாற்பத்தைந்து. கண்ணில் எப்போதும் எரிச்சல், இடுப்பில் எப்போதும் வலி.

டிராக்டரின் டிரைவர் பஞ்சநதம் கொட்டகையில் இருந்து எழுந்து வந்தான். முப்பது வயதுக்காரன். தூங்கி வெகுநாளான முகம்.

"முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு வைக்கச் சொல்லியிருக்காரு முதலாளி. முன்னாடி இல்லாட்டியும் பரவால்ல பாய். பின்னாடி மட்டும் நல்லா வெளிச்சமா வேணும்."

"கலப்பையப் பாக்கவா?"

பஞ்சநதம் வயலைப் பார்த்தான்.

இருக்கைக்குப் பின்னால் தலைக்கு மேல் வளைந்து நின்றது ரோல் பார். வண்டி கவிழ்ந்தால் டிரைவரை நசுங்காமல் காக்கிற கனத்த இரும்புக் குழாய். பஞ்சநதம் துளை போடும் மிஷினை எடுத்து நீட்ட, ஜெக்கரியா தலையை ஆட்டினார்.

"இதுல ஓட்டையே போடக் கூடாது தம்பி. போட்ட இடத்துல பலம் போயிடும். கவுந்தா அங்கதான் மடங்கும். ஒன் உசிரு இந்தக் குழாய்லதான் இருக்கு."

முதலில் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். குழாயைச் சுற்றி ரப்பர் பட்டை வைத்து, அதன்மேல் கிளாம்பை இறுக்கி விளக்குகளைப் பொருத்தினார். மரக்கிளை இடிக்காதபடி விளக்குகள் குழாயின் உயரத்துக்குக் கீழேயே இருந்தன. வயரைச் சூடான சைலென்சரை விட்டு விலக்கி, உரசாமல் இருக்க ரப்பர் குழலுக்குள் விட்டு, தனி ஃபியூஸ் போட்டார். எவ்வளவு அலுப்பு இருந்தாலும் வேலையில் குறை வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

கடைசி முடிச்சைப் போடும்போது பஞ்சநதம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"பாய், இருட்டினதுக்கப்புறம் ஓட்டுனா, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே எடத்துல பின்சக்கரம் ஏறி எறங்குது. மெத்துன்னு. எறங்கிப் பாத்தா வெறும் சேறுதான். ஏழு நாளா இப்படி. பகல்ல ஒண்ணும் இல்ல."

"வரப்பு மண்ணா இருக்கும்."

"வரப்பு மண்ணு மொனகாது பாய்."

ஜெக்கரியா குறடைக் கீழே வைத்தார்.

"இது யாரு வயலு?"

"தியாகராசன் முதலாளி வாங்கி ரெண்டு வருஷம் ஆவுது. அதுக்கு முன்ன வடக்குத் தெரு பண்ணையாரோடது."

ஜெக்கரியா மெல்லத் திரும்பி வடக்கே பார்த்தார். தூரத்தில் ஒரு ஒற்றைப் பனை. அவருக்கு இந்த இடம் தெரியும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கமாக, இருட்டில் வந்ததால் இத்தனை நேரம் பிடிபடவில்லை.

அப்போது அவர் பட்டறையில் வேலை பழகி முடித்திருந்த இளைஞர். குத்தகைக்காரர்களை வெளியேற்றுகிற சண்டை ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தது. தானே சாகுபடி செய்வதாகச் சட்டத்துக்குக் காட்ட, குத்தகைக்காரர்கள் நட்டிருந்த பயிரை இரவோடு இரவாக உழுது அழித்துவிடப் பண்ணையார் முடிவு செய்தார். டிராக்டர் வருவது தூரத்தில் தெரியக் கூடாது. பட்டறைக்கு ஆள் அனுப்பி ஜெக்கரியாவைக் கூப்பிட்டார். "ரெண்டு லைட்டையும் கழட்டிடு" என்றார்.

ஜெக்கரியா அந்தப் பனையடியில் வைத்தே கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

பயிரைக் காப்பாற்றக் குறுக்கே படுத்திருந்த பூவம்மாள் என்ற பெண் சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனது மறுநாள்தான் தெரிந்தது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். விளக்கு ஏன் இல்லை என்று ஜெக்கரியாவை யாரும் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்துவிட்டது. மேற்கே சிவப்பு மங்கி, சேற்று நீரெல்லாம் கறுத்தது. தவளைச் சத்தம் எழுந்தது. பஞ்சநதம் வண்டியைக் கிளப்பினான். போய்விடலாம் என்று தோன்றியும், ஜெக்கரியா மட்கார்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஏறி நின்றார்.

வண்டி சேற்றில் இறங்கியது. இரண்டாவது சுற்றில், பனைக்கு நேராக, பின்சக்கரம் மெதுவாக ஏறி இறங்கியது.

மெத்தென்று.

தவளைகள் நின்றுவிட்டன.

"போடுங்க பாய்" என்றான் பஞ்சநதம்.

ஜெக்கரியா பின்பக்க விளக்கின் சுவிட்சைத் தட்டினார்.

வெள்ளை வெளிச்சம் சேற்றின்மேல் விழுந்தது. பத்தடி தூரத்தில் ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

துரத்துகிற நடை இல்லை அது. நாள் முழுக்க நடவு நட்டுவிட்டு, முதுகை நிமிர்த்த முடியாமல் வீட்டுக்குப் போகிறவளின் நடை. ஒரு கை இடுப்பில். புடவை முழுவதும் சேறு. அழுகிய பயிரின் வாடை வந்தது.

பஞ்சநதம் வண்டியை நிறுத்தினான்.

அவளும் நின்றாள்.

ஜெக்கரியாவுக்கு ஓடத்தான் ஆசை. ஆனால் கால்கள் கீழே இறங்கின. முழங்கால் ஆழச் சேற்றில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நான்தாம்மா கழட்டுனேன். எதுக்குன்னு தெரியும். தெரிஞ்சேதான் கழட்டுனேன்."

காதருகே, ஈரமான மூச்சு போல ஒரு குரல்.

"நிக்க முடியல. எங்கயாச்சும் படுக்கணும்."

அவருக்கு அழுகை வந்தது. அந்த அலுப்பு அவருக்குத் தெரிந்த அலுப்பு.

"படுங்கம்மா. இனிமே யாரும் உங்க மேல ஏத்த மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

நிமிர்ந்தபோது வெளிச்சத்தில் சேறு மட்டும்தான் இருந்தது.

பஞ்சநதம் இன்னும் மூன்று சுற்று ஓட்டினான். பனைக்கு நேராகச் சக்கரம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "போயிட்டாங்க பாய்" என்று சொல்லி, ஸ்டியரிங்கின்மேல் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின.

ஜெக்கரியா வீடு வந்து சேர்ந்தபோது மணி எட்டு. மொபெட் வழக்கத்தைவிடக் கனமாக ஓடியதாகத் தோன்றியது. டயரில் காற்று குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கால் கழுவி, கயிற்றுக் கட்டிலில் விழுந்தார். இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சில் பாரம் இல்லை. மனைவி கமருன்னிஸா அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு போதுமா, மூணா?"

"ரெண்டு போதும். தூக்கம் கண்ணக் கட்டுது."

அப்போது கரண்ட் போயிற்று.

இந்த நேரத்தில் தினமும் போவதுதான். தெருவில் யாரோ மின்வாரியத்தைத் திட்டினார்கள். அடுப்படியில் இருந்து கமருன்னிஸா சுவரைத் தடவியபடி கூடத்துக்கு வரும் சத்தம் கேட்டது.

"தீப்பெட்டி அலமாரிலதான இருக்கு?"

"ஆமா. பாத்து வா."

அவள் காலடி பாதி வழியில் நின்றது.

"என்னங்க."

"ம்."

"யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வந்தீங்களா?"

இருட்டில் அவள் குனிந்து எதையோ தடவிப் பார்க்க, வளையல்கள் குலுங்கின.

கமருன்னிஸாவின் குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது.

"வழில யாரோ படுத்திருக்காங்க. ஒடம்பெல்லாம் சேறா இருக்கு."