இரவல் கண்கள்

படத்திலிருந்த பெரியவரின் கீழுதடு ஈரமாக இருந்தது. காலையில் பிணவறையில் எடுத்த படம்தான். அப்போது அந்த உதடு காய்ந்து வெடித்திருந்ததைச் செர்வா கிட்டத்தில் நின்று பார்த்திருந்தாள். மென்பொருள்தான் மெருகேற்றியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கானா நாட்டின் குமாசி நகரில் சாவுச் சுவரொட்டி அடிப்பது அவள் பிழைப்பு. செத்தவர் சுவரொட்டியில் கண் திறந்து, சிரித்தபடி இருந்தாக வேண்டும். பிணவறைப் படத்தைத் தவிர வேறு கிடையாது என்றாலும் வீட்டார் விடமாட்டார்கள். மூடிய கண்ணைத் திறந்துகாட்டும் மென்பொருளை, அதைச் செய்த நிறுவனமே தன் தளத்தில் சில நாள் இலவசமாகத் தந்தது. அதை இறக்கினால் மாத டேட்டா மொத்தமும் காலி. ஆகவே அந்தத் தெருக் கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதையே அவளும் செய்திருந்தாள்: மத்தியானம் பக்கத்துக் கடை ந்யார்கோவின் பென்டிரைவை வாங்கிச் செருகியிருந்தாள்.

எங்கே பிடித்தாய் இதை என்று கேட்டதற்கு அவன் அசடு வழிந்தான். "யாரோ குரூப்புல போட்டாங்கக்கா. ஆன்டிவைரஸ் கத்தும், அத அணைச்சிடுங்க. அது என்ன கேட்டாலும் சரி சரின்னு தட்டிக்கிட்டே போங்க."

தட்டினாள். எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி, எல்லா முகங்களிலிருந்தும் எடுத்துக்கொள்ள அனுமதி. படித்தாளா? எங்கே படித்தாள்! அவள் செல்போனும் சார்ஜுக்காக அதே மடிக்கணினியில்தான் செருகியிருந்தது. அதில் இருப்பதெல்லாம் மகள் அடோமாவின் படங்கள்.

தகரக் கூரையில் சாயங்கால மழை இரைந்துகொண்டிருந்தது. கணினியின் விசிறி ஊதிய வெக்கையில் முதலில் பிணவறை மருந்தின் நெடியும், பிறகு அதையும் மீறி, மூடிவைத்து மறந்துபோன மீன் குழம்பைத் திறந்தாற்போல் ஒரு நாற்றமும் வந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்தபோது சளி போல ஏதோ நூலாக நீண்டது. பாவாடையில் துடைத்தாள். போகவில்லை.

திரையில் பெரியவரின் இமைகள் பிரிந்தன. வெட்டி ஒட்டியது போலில்லை. புண்ணின் பொருக்கு பிய்வதுபோல, மெதுவாக, சீழோடு.

உள்ளே இரண்டு கண்கள். பளிச்சென்று, ஈரமாக, ஒரு கிழவருக்குப் பொருந்தாத கண்கள். இடது கருவிழி ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி.

அந்தப் புள்ளி அவளுக்குத் தெரியும். தினமும் தலை வாரிவிடும்போது பார்க்கிற புள்ளி.

செல்போனைப் பிடுங்கினாள். அடோமாவின் பள்ளிப் படம். பிறந்தநாள் படம். கடற்கரைப் படம். எல்லாவற்றிலும் சிரிப்பு அப்படியே இருந்தது. புருவத்துக்குக் கீழே வெறும் தோல்.

மின்வயரை இழுத்தாள். திரை அணையவில்லை. மின்கலத்தைக் கழற்றினாள். அணையவில்லை.

கடையின் பின்பக்கத் திரைச்சீலைக்கு அப்பால்தான் அடோமா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றது உள்ளிருந்து அவள் குரல், தூக்கம் கலையாமல். "கண்ணு தொறக்க மாட்டேங்குதும்மா. பிசுபிசுன்னு ஏதோ ஒழுகுது."

செர்வா திரும்பினாள். திரைச்சீலை விலகியது. பிள்ளை கையை நீட்டித் தடவிக்கொண்டு வந்தாள். நெற்றியிலிருந்து கன்னம்வரை ஒரே தோல், வழவழவென்று, வியர்த்து. அதைத் தன் நகத்தாலேயே பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

திரையில் கிழவரின் முகத்திலிருந்த கண்கள் அம்மாவைத் தேடித் திரும்பின. அழுதன.