நீருக்கடியில் மிஞ்சிய பனி

முன்னறையின் கார்ப்பெட் மூன்றாவது நாளாக நனைந்திருந்தது. சுஜீத் ஹீட்டரைக் கூட்டிவைத்து, பழைய துவாய்களை விரித்து, பிழிந்து, மறுபடி விரித்துப் பார்த்துவிட்டான். ஈரம் சோபாவுக்கு அடியிலிருந்து மணிக்கு ஒரு விரலளவு முன்னால் வந்துகொண்டே இருந்தது, கூடவே நனைந்த கல்லை அரைத்ததுபோல ஒரு மணமும். விரலை நாக்கில் வைத்தான். உப்பு.

காலையில் வந்த பிளம்பர் றொஜன் சுவரோரப் பலகையைக் கழற்றிப் பார்த்தான்.

“பைப் ஒரு சொட்டும் ஒழுகேல்லை அண்ணை. கீழை வீடும் இல்லை, மண்தான். உப்புத்தண்ணி எண்டால் பிரைட்டன் கடற்கரைக்குப் போன் பண்ணுங்கோ.” தானே சிரித்தான். “அக்கா வேலைக்கோ?”

“ஓம்” என்றான் சுஜீத்.

அவன் மனைவி ஜெனோஜா கிரீன்லாந்தில், கடலில் வந்து முடியும் ஒரு பனியாற்றின் ஓசைகளைப் பதிவுசெய்யப் போயிருந்தாள். ஆகஸ்டில் படகு கவிழ்ந்தது. கூட இருந்த இருவரின் உடல்களும் கிடைத்தன. அவள் கிடைக்கவில்லை. உடல் இல்லாவிட்டால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிக்கலாம், ஆனால் அவள் போய்விட்டாள் என்று கணவன் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார் கோயில் ஐயர். நான்கு மாதமாக அவன் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று தெரியாமல் எதைச் சொல்வது?

ஒன்பது மின்னஞ்சல்களுக்குப் பிறகு, அவளுடைய நீரடி மைக் அன்று பதிவுசெய்த ஒலியை ஆய்வு நிலையத்தார் நேற்றுத்தான் அனுப்பினார்கள். கூடவே ஒரு வரி: காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை. இந்த ஒரு வரிக்கு நான்கு மாதம்.

நாலு மணிக்கே வெம்பிளி இருட்டிவிட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

முதலில் அப்பளம் பொரிவதுபோல ஒரு சத்தம், முடிவில்லாமல். பனிக்குள் அடைபட்டிருந்த பழங்காலத்துக் காற்று, பனி கரையக் கரைய வெடித்து வெளியேறும் சத்தம். அவள்தான் சொல்லியிருந்தாள். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, தட்டில் புட்டைச் சுவராகக் குவித்து, அதன் ஓரத்தில் குழம்பை ஊற்றினாள்.

“இஞ்சை பாரும். பின்னாலையிருந்து பனி நிக்காமல் கடலைப் பாத்துத் தள்ளுப்பட்டு வரும். அதாலை முன்பக்கம் இழுபட்டு வெடிக்கும். வெடிப்புக்குள்ளை உருகின தண்ணி இறங்கிப் பிளக்கும். கடல் தொடுற இடத்திலை அரிபடும். பிறகு மேல் சுவர் அந்தரத்திலை, பிடிமானம் இல்லாமல்.” புட்டு சரிந்தது. “உதைத்தான் எல்லாரும் வீடியோ எடுக்கினம்.”

“அதோடை முடிஞ்சுதோ?”

“சில இடத்திலை தண்ணிக்குக் கீழை ஒரு பாகம் மிஞ்சி நிக்கும். மேலை இருந்த பாரம் போனால் அது மிதக்கப் பாக்கும். ஒருநாள் அடியிலை முறிஞ்சு, சுவரிலையிருந்து எவ்வளவோ தூரத்திலை, சொல்லாமல் கொள்ளாமல் மேலை வரும்.”

“அப்ப சுவர் விழுந்த பிறகு கிட்டப் போகலாமோ?”

“அப்பதான் போகக்கூடாது. புட்டு ஆறுது, தின்னும்.”

பதினெட்டாவது நிமிடத்தில் சுவர் விழுந்தது. காதை அறைந்த இடி, பிறகு நீண்டு அடங்கும் அலைகள். இருபத்தாறில் படகின் எஞ்சின். அது விலகவில்லை. நெருங்கியது. மைக்கை எடுக்க வருகிறார்கள். எல்லாம் தெரிந்தவள். புட்டில் செய்து காட்டியவள். அவனுக்கு மேசையை உடைக்க வேண்டும்போல இருந்தது.

பொரியும் சத்தம் திடீரென நின்றது. இரண்டு விநாடி. பதிவு முடிந்தது.

ஹெட்போனைக் கழற்றினான்.

அறையில் அப்பளம் பொரிந்துகொண்டிருந்தது. கார்ப்பெட்டுக்கு அடியில்.

பழுது பார்ப்பவர்களின் எண்ணை அழுத்தினான். பாட்டு வந்தது. வரிசையில் அவனுக்கு முன்னால் பதினொரு பேர் என்றது பதிவுக் குரல். ஈரம் கால்விரலைத் தொட்டது. பதினொரு பேர். காலை இழுத்துக்கொண்டான். பதினொரு பேர். பாட்டை வெட்டிக்கொண்டு மாமியின் அழைப்பு வந்தது. ஜெனோஜாவின் அம்மா, தவமலர்.

“தம்பி, ஐயர் கேக்கிறார். வியாழன் செய்யிறதோ, இல்லாட்டி இன்னும் அவளின்ரை மெஷினைக் கேட்டுக்கொண்டு இருக்கப்போறியோ?”

“கேட்டு முடிஞ்சுது மாமி.”

“அப்ப சொல்லன். அழுறதுக்கு எனக்கும் ஒரு திகதி வேணும்.”

சத்தம் இப்போது நாற்காலிக்கு நேர் கீழே. அவன் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். நான்கு மாதமாகப் பிடித்து வைத்திருந்ததை விட்டான்.

“செய்வம் மாமி. ஜெனோ போயிட்டா.”

பொரியும் சத்தம் நின்றது.

ஃபிரிட்ஜின் இரைச்சலும். ரோட்டுச் சத்தமும். போனில் மாமியின் மூச்சும்.

சோபா மெல்லச் சரிந்தது. கார்ப்பெட் நடுவில் உப்பியது. அடிப்பலகை முறிந்தது. பிறகு நீலம். ஒரு கதவளவு. ஒரு சுவரளவு. தண்ணீர் வழிய வழிய, விளக்கை மறைத்துக்கொண்டு, மேலே.

அடியிலிருந்து பிரிந்த பனி உடனே அடங்குவதில்லை. சமநிலை கிடைக்கும்வரை புரளும்.

புரண்டது.

பனிக்குள் இரண்டு சப்பாத்துகளின் அடிகள். செம்மஞ்சள் படகு உடையின் முழங்கால்கள். விரித்த கை. அவளுடைய தாடை. திறந்த கண்கள்.

பனி இடப்பக்கம் சுற்றியது. அதற்குள், கண்கள் வலப்பக்கம் சுற்றின. அவனை விடாமல்.