கீழே கட்டை பிடித்தவன்

இழுவை வண்டி அந்த விமானத்தைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வந்தபோது, காலை வெயில் பழுதுபார்க்கும் ஹேங்கரின் கதவோரத்திலேயே நின்றுவிட்டது. வால் பகுதி முதலில் நிழலுக்குள் நுழைந்தது. பிறகு இறக்கைகள். கடைசியாக மூக்கு. பல கம்பெனிகள் கைமாறி, ஒவ்வொன்றும் பழைய வண்ணத்தின் மேலேயே தன் வண்ணத்தைப் பூசி ஓட்டிய விமானம் அது. வருவதற்கு முன்பே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: கிழடு.

அவள் தகடு வேலை செய்பவள். பயணிகள் நடக்கும் தரைக்கு அடியில், விலா எலும்புகளைப் போலக் குறுக்கே ஓடும் உத்தரங்களில் அரிப்பையும் விரிசலையும் தேடி, கெட்டதை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து ரிவெட் ஆணி அடிப்பாள். எந்த விமானம் வந்தாலும் முதலில் பின்பக்கக் கிச்சனுக்குத்தான் போவாள். சிந்திய காபியும் பழச்சாறும் கழிப்பறைத் தண்ணீரும் கம்பளத்துக்கு அடியில் இறங்கித் தேங்குவது அங்கேதான்.

இந்த முறை அவள் நடையில் கொஞ்சம் வேகம் கூடியிருந்தது. காரணம், முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் தங்கை சொன்னது.

"அக்கா, உங்க ஹேங்கருக்கு ஒரு கிழடு வருதாமே, வெள்ளிக்கிழமை அதுலதான் எனக்கு டியூட்டி. அதுவும் பின்பக்கக் கிச்சன்ல. ஏதாவது நட்டு கழண்டிருந்தா நல்லா முறுக்கி வை."

"நட்டு உன் தலையிலதான் கழண்டிருக்கு. பேசாம சாப்பிடு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் விமானப் பணிப்பெண்ணாகப் புதிதாகச் சேர்ந்த தங்கை எந்தத் தரையில் நின்று காபி ஊற்றுவாள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தரைக்கு அடியில் என்ன இருக்கும் என்பதும் தெரியும்.

தரைப் பலகையைத் தூக்கியதும் வாடை எழுந்தது. புளித்த இனிப்பும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை. உத்தரத்தின் மேல்விளிம்பில் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. விரலால் அழுத்தினால் உலோகம் நனைந்த புத்தகத்தின் தாள்களைப் போலப் பிரிந்து வந்தது. ஒரு ரிவெட் துளையிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அதற்குப் பக்கத்திலேயே ஒரு பழைய ஒட்டுத் தகடு. எந்த ஊரிலோ யாரோ செய்தது. அதன் ரிவெட்டுகள் அச்சில் வார்த்தவைபோல ஒரே அளவில் இருந்தன.

ஒல்லி குனிந்து பார்த்தான். அவளோடு சேர்ந்து ரிவெட் அடிப்பவன். எந்தச் சந்திலும் புகுந்துவிடும் உடம்பு. "அக்கா, குழாயெல்லாம் கழட்டாமலேயே அடிச்சிருக்கான். என்னாலேயே இதுல முழுசா நுழைய முடியாது. அவன் எப்படிப் படுத்தான்?"

"உன்னைவிட ஒல்லியா ஒருத்தன் இருந்திருக்கான். பொறாமைப்படாதே."

"இதைவிட ஒல்லின்னா வெறும் எலும்புதான்கா."

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் துப்பாக்கி போன்ற கருவியால் ரிவெட்டின் தலையில் அடிப்பார். கீழே இன்னொருவர் கைக்கு அடங்கும் இரும்புக் கட்டையை அதன் வாலில் வைத்து அழுத்திப் பிடிப்பார். கட்டை இல்லையென்றால் வால் நசுங்காது, ரிவெட் நிற்காது. அடிக்க அடிக்கக் கட்டை சுடும். ஒல்லி கையை ஊதிக்கொண்டே பிடிப்பான். நடுவில் உத்தரமும் குழாய்களும் மறைப்பதால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. காதுக் கவசம் போட்டிருப்பதால் பேச்சும் கேட்காது. அதனால் கீழே இருப்பவர் கட்டையால் உத்தரத்தில் தட்டிச் சொல்வார். அந்த அதிர்வு மேலே இருப்பவரின் உடம்பில் தெரியும். ஒரு தட்டு: இன்னும் அடி. இரண்டு: நன்றாக உட்கார்ந்தது, அடுத்ததற்குப் போ. மூன்று: கெட்டுவிட்டது, பிடுங்கு.

கெட்டதை அவர்கள் வெட்டியெடுத்ததும், பரிசோதகர் விரிசல் காட்டும் தன் கருவியால் துளைகளைச் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகு, வியாழக்கிழமை மதியம் ரிவெட் அடிக்கத் தொடங்கினார்கள். சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு ஹேங்கரில் வைத்த பெயர் கடிகாரம்.

ஒல்லி சரக்கு அறை வழியாகக் கீழே ஊர்ந்து போனான்.

அடித்தாள். இரண்டு தட்டு. அடித்தாள். ஒரு தட்டு, இன்னும் கொஞ்சம் அடித்தாள், இரண்டு தட்டு. வேலை ஒரு தாளத்துக்கு வந்தது. ஒல்லியின் தட்டு எப்போதும் அவசரமாக இருக்கும், வீட்டுக்குக் கிளம்பத் துடிப்பவனைப் போல. இன்று நடுவில் எங்கோ அது மாறிவிட்டது. நிதானமாக, இடைவெளி விட்டு வந்தது. சொன்னதைக் கேட்டாயா என்று உறுதிசெய்துகொள்வதைப் போல.

பரவாயில்லை, திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி ரிவெட்டில் மூன்று தட்டு வந்தது.

துளைத்துப் பிடுங்கினாள். புதிது வைத்து அடித்தாள்.

மூன்று தட்டு.

மறுபடி பிடுங்கி, துளையைத் துடைத்து, இன்னொன்று வைத்தாள். மணிக்கட்டு நடுங்காமல் நேராக அடித்தாள். இதைவிட நன்றாக அடிக்க அவளுக்குத் தெரியாது.

மூன்று தட்டு. இந்த முறை பலமாக. முட்டியில் அதிர்ந்தது.

காதுக் கவசத்தைக் கழற்றினாள். "டேய் ஒல்லி, என்னடா உன் பிரச்சினை?"

குப்புறப் படுத்து, உத்தரத்துக்கும் குழாய்க்கும் இடையில் இருந்த இடுக்கில் டார்ச் அடித்தாள். வெளிச்சம் கொஞ்ச தூரம் போய்த் தயங்கியது. அந்த வாடை இப்போது முகத்துக்கு மிக அருகில் இருந்தது. விட்டு விட்டு வந்தது. யாரோ மூச்சு விடுவதைப் போல.

"யாரைக்கா கூப்பிடறீங்க?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. இருக்கைகள் கழற்றப்பட்ட நடைபாதையில், கையில் காகிதக் கோப்பையோடு ஒல்லி நின்றிருந்தான்.

"நீ... எப்ப மேல வந்தே?"

"எப்பவோ. கடிகாரம் கூப்பிட்டாரு. ரெண்டு ரிவெட்தான் பிடிச்சேன். கிளம்பறேன்னு கத்திட்டுத்தான் வந்தேன்." அவன் தரையைப் பார்த்தான். வரிசையாக ரிவெட் தலைகள். கோப்பை அவன் கையில் சாய்ந்தது. "அக்கா... இதெல்லாம் யார் பிடிச்சது?"

இருவரும் சரக்கு அறையில் இறங்கி, சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்த்தார்கள். எல்லா வால்களும் பொத்தான்போல உருண்டையாக நசுங்கியிருந்தன. அச்சில் வார்த்தவைபோல. ஒரே அளவில்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்று ஒல்லி கிசுகிசுத்தான். "பைத்தியம்னு சொல்லி லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

பரிசோதகர் வந்து கருவியின் முனையை ரிவெட்டுகளைச் சுற்றி ஓட்டினார். கடைசி ரிவெட்டில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கருவி ஒன்றும் சொல்லவில்லை. "அருமையா அடிச்சிருக்கீங்க. மூடலாம்."

மூன்று தட்டு என்றால் மூடக் கூடாது. தொழிலுக்கு வந்த முதல் நாளிலிருந்து அதை அவள் மீறியதில்லை. ஆனால் கீழே யாரும் இல்லையே? இல்லாதவன் சொன்னதை எப்படிக் கேட்பது? அந்த இடுக்கை இனி ஒருமுறைகூடப் பார்க்க வேண்டியிருக்கக் கூடாது என்பது மட்டுமே அப்போது அவள் மனதில் இருந்தது.

பலகையை வைத்து மூடினாள். திருகுகளை முறுக்கினாள்.

மறுநாள் காலை தங்கையிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் பயணிகள் ஏறும் சத்தம்.

"அக்கா, நான் உன் கிழட்டுலதான் இருக்கேன். பின்னாடி நிக்கறேன். அடியில யாரையாவது மறந்து விட்டுட்டீங்களா?" சிரித்தாள். "நிஜமாத்தான் சொல்றேன். கால் அடியில தட்டிட்டே இருக்கு. மூணு மூணா. நகர்ந்து நின்னா அங்கயும் வந்து தட்டுது. என் கூட நிக்கற அண்ணன், எலியா இருக்கும்ங்கறார். சரி, கதவு மூடப் போறாங்க. வச்சிடறேன்."

திரும்பக் கூப்பிட்டாள். போன் அணைக்கப்பட்டிருந்தது.

ஹேங்கர் கதவு வழியே தூரத்தில் விமானம் தெரிந்தது. படிக்கட்டு விலகிக்கொண்டிருந்தது. என்ன சொல்லி நிறுத்துவது? தட்டுச் சத்தம் கேட்டது என்றா? பரிசோதகர் சரி என்று கையெழுத்துப் போட்ட வேலை அது.

அவள் கண் சுவரில் இருந்த கருவிப் பலகையில் விழுந்தது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே கறுப்பில் வரைந்திருப்பார்கள். ஏதாவது ஒன்று காணோம் என்றால் கறுப்பு உருவம் மட்டும் தெரியும். கருவி ஒன்று காணாமல் போனால், அது கிடைக்கும்வரை எந்த விமானமும் கிளம்பக் கூடாது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

இரும்புக் கட்டையை எடுத்துத் தன் தோள்பையின் அடியில் போட்டாள். பலகையில் கறுப்புக் கட்டம் ஒன்று வாய் திறந்தது.

பிறகு சூப்பர்வைசரின் அறைக்கு ஓடினாள்.

"சார், என் கட்டை ஒண்ணு காணோம். பின்பக்கக் கிச்சன் தரைக்கு அடியில விட்டுட்டேன். நிறுத்தச் சொல்லுங்க."

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "உன் வேலை போயிடும்மா. தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன் சார். சீக்கிரம் போன் பண்ணுங்க."

ஓடுபாதையின் முனைவரை போன விமானம் திரும்பி வந்தது. பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். கீழே படியோரத்தில் நின்ற தங்கை அவளை முறைத்தாள். "முதல் வாரமே என் மானத்தை வாங்கிட்டியேக்கா." அவள் தங்கையின் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு மேலே ஏறினாள்.

பலகையைத் தூக்கினார்கள். கட்டையைத் தேடுவதற்காக, குழாயைத் தாங்கும் கவ்வியை ஒல்லி கழற்றினான். மேலேயிருந்து டார்ச் அடித்த பரிசோதகர் வெளிச்சத்தைத் திடீரென்று ஓரிடத்தில் நிறுத்தினார்.

கவ்விக்குப் பின்னால், அவருடைய கருவியின் முனை எட்டாத இடத்தில், கடைசி ரிவெட்டின் துளையிலிருந்து ஒரு விரிசல் நேராகக் கீழே இறங்கியிருந்தது. உத்தரத்தின் பாதியைத் தாண்டி.

"இதோட மேலே போயிருந்தா..." என்றார் அவர்.

அவள் ஓர் இருக்கையின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். மடியில் தோள்பை கனத்தது. இனி எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிவிடலாம். வேலை போனால் போகட்டும். வாயைத் திறந்தாள்.

"கிடைச்சிடுச்சு!" என்றது கீழேயிருந்து ஒல்லியின் குரல். அதில் மகிழ்ச்சி இல்லை.

இடுக்கின் வழியே அவன் கை மட்டும் மேலே வந்தது. அதில் ஒரு இரும்புக் கட்டை இருந்தது. பழையது. விளிம்புகள் தேய்ந்து மழுங்கியது. கட்டைவிரல் பதியும் இடத்தில் வருடக்கணக்கில் பிடித்துப் பிடித்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

சூப்பர்வைசர் அதை வாங்கினார். உடனே மறு கைக்கு மாற்றினார். மறுபடி முதல் கைக்கு.

"என்னம்மா இது, இப்படிச் சுடுது?"

காலையிலிருந்து அந்த விமானத்தில் யாரும் ஒரு ரிவெட்கூட அடிக்கவில்லை.

அவள் பைக்குள் கையை விட்டாள். தன்னுடைய கட்டை அடியில் அப்படியே கிடந்தது. சில்லென்று.

ஒல்லி பாதி உடம்பைத் தரைக்கு மேலே இழுத்துக்கொண்டு, அசையாமல் இருந்தான்.

அப்போது முன்பக்கத்தில், இருக்கைகள் வரிசையாக நின்ற, இன்னும் திறக்காத தரைக்கு அடியில், நிதானமாக, இடைவெளி விட்டு, மூன்று தட்டு கேட்டது.