பானட்டில் வளைந்த கோடு

"ஐயோ... பெரியண்ணே...!"

நவமணி போட்ட அலறலில் ரப்பர் மரத்துக் காக்கைகளெல்லாம் கிளம்பிப் பறந்தன.

காம்பார் பக்கத் தோட்டத்துச் செம்மண் சாலை. நடுவில் சன்னாசி. ரத்தம்... ரத்தம்...!

பக்கத்தில் அவனுடைய ரப்பர் பால் வாளி. ஒரு பக்கம் சப்பையாக நசுங்கி!

"எவனோ காடியால மோதிட்டு ஓடிட்டான்," என்றார் போலீஸ் சார்ஜன்ட் சலாஹுதீன். "எந்தக் காடின்னு தெரியணும்லா... பாத்தவங்க யாருமில்லையே!"

பார்த்தது ஒன்று இருந்தது. அந்த வாளி!

அதை சார்ஜன்ட்டிடம் கேட்டுத் தூக்கிக்கொண்டு போனான் கார்த்திகேசு. சன்னாசியின் தம்பி. ஈப்போவில் போட்டோ ஸ்டூடியோ வேலை. எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராத ஜாதி.

ஒரு மாதம் ஓடியது.

அதே தோட்டம். ரப்பர் சீட்டுகளுக்குப் புகை போடும் பழைய கட்டடம். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலில் கும்மிருட்டு!

உள்ளே ஒரு கருநீல டட்சன் கார். சொந்தக்காரன் அர்ச்சுனன். கார்த்திகேசுவின் உயிர் நண்பன். வருகிற வெள்ளிக்கிழமை தங்கை நவமணிக்குத் தாலி கட்டப் போகிறவன்.

"சீக்கிரம் மச்சான்! காலையிலேருந்து என் பேட்டரியை உறிஞ்சுற!"

"கரண்ட் இல்லாத எடத்துல வேற என்னடா செய்ய?"

கார் பேட்டரியிலிருந்து வயர். வயரின் நுனியில் ஒரு மைலோ டின். டின்னுக்குள் ஹெட்லைட் பல்ப். முன்னால் கறுப்புக் கோடுகள் போட்ட கண்ணாடி, ஒரு லென்ஸ்.

"இந்த டின் கொலைகாரனைப் பிடிக்குமாக்கும்?"

"சிரிக்காதடா! சமமான எடத்துல கோடு ஒழுங்கா விழும். மேடு பள்ளம் இருந்தா வளையும். சைடுலேருந்து கேமராவுல புடிச்சு, எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டா... நசுங்கின உருவமே கைக்கு வந்துரும். எந்தக் காடி மூக்கு இடிச்சதுன்னு அது சொல்லும்!"

"மூணு தடவை எடுத்த. மூணு படமும் புகை மூடின மாதிரி புகைஞ்சுதானே போச்சு?"

"அதான் மர்மம்! சரி, வாளியைக் காடி பானட் மேல வை."

வாளி ஏறியது. பளபளக்கும் அலுமினியத்தில் கோடு நிற்காது. கார்த்திகேசு பவுடரைத் தூவினான்.

"பானட்டெல்லாம் ஏண்டா வெள்ளையா இருக்கு?"

"கல்யாணக் காடிலா! புது பெயின்ட் அடிச்சேன். விடியக்காலையில பூசை போட்டேன். பண்டாரம் திருநீறைக் கரைச்சு முழுக்கப் பூசிட்டாரு."

"சரி, டார்ச்சை அணை!"

இருட்டு. டின் எரிந்தது.

வாளியில் கோடுகள் வளைந்தன. க்ளிக்!

கார்த்திகேசு நிமிர்ந்தான். அவன் பார்வை கொஞ்சம் கீழே இறங்கியது...

அங்கேயே உறைந்தது!

வாளிக்கு வெளியே பானட்டிலும் கோடுகள் விழுந்திருந்தன. இடது ஓரம் வரை ஒழுங்காகப் போய்... அங்கே மட்டும் பாம்பாக நெளிந்தன!

கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு. நசுங்கலைப் பட்டி பூசித் தேய்த்து மறைத்த இடம். பளபளப்பில் ஒளிந்திருந்ததைத் திருநீறு பிடித்து நிறுத்திவிட்டது!

வாளியை நகர்த்தி, நசுங்கிய பக்கத்தை அங்கே வைத்தான்.

அச்சாகப் பொருந்தியது.

"அர்ச்சுனா... இங்க என்னடா பட்டி?"

"அது... ஆடுலா. ஆடு ஒண்ணு குறுக்க வந்துச்சு..."

"ஆடு வாளியோடவா வந்துச்சு?"

அர்ச்சுனன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"எங்கண்ணன் பாடைக்கு மொத ஆளா தோள் குடுத்தியேடா!" கார்த்திகேசுவின் குரல் உடைந்தது. "எங்கம்மாவைக் கட்டிப் புடிச்சு அழுதியேடா!"

அர்ச்சுனன் மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பை இருபது வருஷப் பழக்கத்தில் கார்த்திகேசு கண்டதே இல்லை!

"தெலுக் இந்தான் டவுன்ல எனக்குப் பொண்டாட்டி இருக்குன்னு உங்கண்ணன் கண்டுபுடிச்சிட்டான். கல்யாணத்தை நிறுத்துறேன்னான்... நான் காடியை நிறுத்தல!"

"பாவி...!"

"உன் படமெல்லாம் எப்படிப் புகைஞ்சுச்சு? நீ அசந்த நேரம் பாத்து கேமரா முதுகைத் தொறந்து வெயில்ல காட்டினது நான்தான் மச்சான்!"

அர்ச்சுனன் பாய்ந்து கேமராவைப் பிடுங்கினான். திறந்தான். ஃபிலிமை உருவி, டின் வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டினான்.

"போச்சு! இனிமே யாருகிட்ட எதைக் காட்டுவ?"

"காடியவே காட்டுவேன்டா!"

"காடி இங்க இருந்தாத்தானே?"

அர்ச்சுனன் கார்த்திகேசுவைத் தள்ளிவிட்டுக் காருக்குள் தாவினான். சாவியைத் திருகினான்.

டொக்...

மறுபடியும் திருகினான்.

டொக்... டொக்...

மைலோ டின்னின் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி... செத்தது!

படாரென்று கதவு திறந்தது. வெயில் உள்ளே கொட்டியது. வாசலில் சார்ஜன்ட் சலாஹுதீன். கையில் விலங்கு!

"எல்லாம் கேட்டாச்சு தம்பி. எறங்கு."

அவருக்குப் பக்கத்தில் நவமணி. கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் அசையவில்லை.

"நேத்து நீங்க கேமராவை வெயில்ல தொறந்ததைப் பாத்தேன். அப்பவே பொறி தட்டுச்சு. அதான் சார்ஜன்ட்டைக் கூட்டியாந்தேன்."

அர்ச்சுனன் இன்னும் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

டொக்...

நவமணி குனிந்து கார் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாப்ளே, ஸ்டார்ட் ஆகலையா? தள்ளி விடவா... ஸ்டேஷன் வரைக்கும்?"