பகல் தூக்கம்

டெலிபோன் அலறியது.

காப்பகத்தில் ஒரு குழந்தை தூக்கத்திலிருந்து எழவில்லை என்றது மறுமுனை. இன்ஸ்பெக்டர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

வழியிலேயே கான்ஸ்டபிள் விவரம் சொன்னார். ஒன்றரை வயசுப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறது. யாரோ மருந்து கொடுத்திருக்கிறார்கள். குழந்தையின் அம்மா சாதாரண ஆள் இல்லை... எல்லாக் காப்பகங்களுக்கும் விதிமுறை எழுதுகிற அதிகாரி!

"ஆயாவை உடனே உள்ள தள்ளணுமாம் மேடம். மேலிடத்துல இருந்து போன் மேல போன்."

காப்பகத்தில் அந்த ஆயா சுவரோரம் சுருண்டு கிடந்தாள். வேலைக்குப் புதுசு. உரிமையாளர் அம்மாள் பழியை அலுங்காமல் அவள் தலையில் கட்டினாள். சரியாக விசாரிக்காமல் ஆள் சேர்த்தது தன் தப்புதான் என்று கண்ணையும் கசக்கிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தூங்கும் அறையை எட்டிப் பார்த்தாள்.

வரிசையாகக் குட்டிக் கட்டில்கள். எல்லாக் குழந்தைகளும் தூக்கம். வெளியே சைரன், அழுகை, பூட்ஸ் சத்தம்... ஒன்றுகூடப் புரளவில்லை.

அவள் மேஜையிலிருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துத் தரையில் போட்டாள்.

தட்டு ஆடிக் கூத்தடித்து அடங்கியது.

ஓர் இமைகூட அசையவில்லை!

"இத்தனை பேரையும் அந்த ஆயாவா தூங்க வெச்சா?"

உரிமையாளரின் முகம் வெளிறியது. இரண்டு அதட்டலில் கக்கிவிட்டாள். குழந்தைகள் விழித்திருந்தால் ஐந்து பேருக்கு ஓர் ஆயா வேண்டும். தூங்கினால் அறைக்கு ஒருத்தி போதும். விதி அப்படி. அதனால் தினமும் பாலில் ஆளுக்கு ஒரு மூடி சளி மருந்து. ஆயாவுக்கே தெரியாது.

பாவி என்று இன்ஸ்பெக்டர் வாய்விட்டே சொன்னாள். எல்லாக் குழந்தைகளையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மருந்தின் பெயரை டாக்டருக்குப் போனில் சொன்னாள்.

டாக்டர் நிம்மதி அடையவில்லை.

"இது மட்டும்னா குழந்தை தூங்கியிருக்கும், அவ்வளவுதான். மூச்சை அமுக்குறது வேற ஏதோ. அது என்னன்னு தெரிஞ்சாத்தான் முறிவு மருந்து குடுக்க முடியும். நேரம் இல்ல மேடம்."

வேற ஏதோவா?

இன்ஸ்பெக்டர் ஆயாவின் அருகே குந்தினாள். நேற்று குழந்தை எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"ஒரே இருமலும்மா. இருமுற பிள்ளைய சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கில்ல... திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கு இருமவே இல்ல. ஆனா வரும்போதே கண்ணு சொருகிக் கெடந்துச்சு."

ஜீப் பறந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தையின் அம்மா கொதித்துக்கொண்டிருந்தாள். ஆயாவை ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்று எகிறினாள்.

"அதை அப்புறம் பார்ப்போம். காலையில பாப்பாவுக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"உள்ள உங்க குழந்தை போயிட்டிருக்கு மேடம். கௌரவத்தை அப்புறம் காப்பாத்திக்கலாம். பேரை மட்டும் சொல்லுங்க."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அது அவளுடைய சொந்த இருமல் மாத்திரை. பெரியவர்களுக்கானது. பாதியை உடைத்துக் கரைத்துக் கொடுத்திருந்தாள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் ஓடினாள்.

"இருமினா உள்ள விடமாட்டாங்க... எனக்கு இன்னிக்கு லீவும் இல்ல..."

இன்ஸ்பெக்டருக்கு அவளை அறையவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

கடைசியில் கதவு திறந்தது. மூச்சு சீராகிவிட்டது, ஆனால் இன்னும் கண் திறக்கவில்லை என்றார் டாக்டர்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னை என்ன பண்ணப் போறீங்க?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"காப்பகம் தப்பு பண்ணா என்ன தண்டனைன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க. அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி விட்டுட்டீங்களே மேடம்... பரவாயில்ல, எங்க சட்டத்துல இருக்கு!"